உறைய வைத்த வேட்டை இறைச்சியில் புழு சாகுமா? வட கனடாவுக்கு வேலைக்குப் போகும் செவிலியரின் கேள்வி

வடக்குச்செவிலி:

வணக்கம். நான் செவிலியர். கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வடகோடியான நுனாவிக்கில், ஓர் இனுயிட் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் விரைவில் சேரப்போகிறேன். அந்தப் பகுதியில் மொத்தம் 14 கிராமங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது, விமானம்தான். கரிபூ மான், சீல், பெலூகா திமிங்கிலம், வால்ரஸ், ஆர்க்டிக் சார் மீன் என்று வேட்டையில் கிடைப்பதை ஊரே பங்கிட்டுக்கொள்கிறது. அதில் பலவற்றைப் பச்சையாகவே, உறைந்த நிலையில் சீவிச் சாப்பிடுகிறார்கள்.

சேர்வதற்கு முன் படிக்கச் சொல்லிக் கொடுத்த குறிப்புகளில் டிரிக்கினெல்லா, டாக்சோபிளாஸ்மா, எக்கினோகாக்கஸ் என்ற மூன்று ஒட்டுண்ணிகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றையும் பாடத்தில் படித்ததோடு சரி, நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

அவ்வளவு குளிரில் வாரக்கணக்கில் உறைந்து கிடந்த இறைச்சியில் புழு எப்படி உயிரோடு இருக்கும்? பன்றி இறைச்சியை உறைய வைத்தால் புழு செத்துவிடும் என்றுதானே நாங்கள் படித்தோம்? கர்ப்பிணிகள் வந்தால் என்ன சொல்வது? ஊரில் நாய்கள் அதிகம் என்கிறார்கள், அவற்றால் மனிதருக்கு என்ன வரும்?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. நேற்று வந்திறங்கிய நான் போய் "எல்லாவற்றையும் சமைத்துச் சாப்பிடுங்கள்" என்றால் அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? வடக்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடலோடி:

வாழ்த்துகள் சகோதரி. ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நல்ல ஃப்ரீசரில் மூன்று நான்கு வாரம் வைத்தால் எந்தப் புழுவும் பிழைக்காது. மீனுக்கும் அதே கணக்குதான். அங்கே வெளியில் இருக்கும் குளிரே ஃப்ரீசரை விட அதிகம்.

கால்நடை அக்கா:

கடலோடி தம்பி, மீனுக்கு நீங்கள் சொல்வது சரி. மீனில் வரும் அனிசாகிஸ் புழு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் செத்துவிடும். ஆனால் வால்ரஸுக்கும் கரடிக்கும் அந்தக் கணக்கைப் போட்டால் ஆள் படுத்துவிடுவார். நான் கால்நடை மருத்துவம் படித்து, வட கனடாவில் வனவிலங்கு ஒட்டுண்ணிகளைப் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டு வேலை பார்த்தவள். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பன்றியில் வருவது டிரிக்கினெல்லா ஸ்பைராலிஸ். 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த கனமுள்ள துண்டை மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் வைத்தால் அது ஒழியும். செவிலி படித்தது இதைத்தான். துருவப் பகுதியில் இருப்பது அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு புழு, டிரிக்கினெல்லா நேட்டிவா. துருவக்கரடி, துருவ நரி, ஓநாய், வால்ரஸ் ஆகியவற்றின் தசை நாருக்குள் சுருண்டு கிடக்கும். நரி செத்துப் பனியில் விறைத்துக் கிடந்தாலும், இன்னொரு பிராணி வந்து அதைத் தின்னும்வரை இந்த இளம்புழு காத்திருக்கும். உறைந்த தசையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

சமீபத்து உதாரணம் ஒன்று. 2022இல் கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் வேட்டையாடிய கருங்கரடி இறைச்சியை 45 நாள் ஃப்ரீசரில் வைத்திருந்து, அமெரிக்காவில் ஒரு குடும்பம் கூடியபோது கபாபாகச் சுட்டார்கள். இறைச்சியின் நிறமே கறுப்பு என்பதால் வெந்ததா வேகாததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆறு பேருக்கு நோய் வந்தது. அந்த ஆறு பேரில் இருவர் இறைச்சியையே தொடாதவர்கள், கூடச் சேர்த்துச் சுட்ட காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். புழு இதே நேட்டிவாதான். உப்புப் போடுவது, உலர்த்துவது, புகையில் வாட்டுவது, புளிக்க வைப்பது எதையுமே இந்தப் புழு விஷயத்தில் நம்பக் கூடாது. உள்ளே நடுப்பகுதிவரை 71 டிகிரிக்குச் சூடேற வேண்டும்.

இது புதிதாக வந்த தொல்லையும் இல்லை. 1947இல் மேற்கு கிரீன்லாந்தில் பெரிய அளவில் பரவி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1897இல் பலூனில் வடதுருவம் போகக் கிளம்பிய சுவீடன் நாட்டு ஆந்த்ரே குழுவின் கதையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனியில் இறங்கி, கரடியை வேட்டையாடித் தின்றபடி நடந்து, கடைசியில் ஒரு தீவில் மூவரும் இறந்துபோனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கரடி எச்சத்தில் டிரிக்கினெல்லா இருந்ததைப் பின்னாளில் ஒரு டேனிஷ் மருத்துவர் கண்டுபிடித்தார். சாவுக்கு அதுதான் காரணமா என்பது இன்னும் தீராத வாதம்.

சரி, நுனாவிக்குக்கு வருவோம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். அங்கே வால்ரஸை அடித்ததும் வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றின் நாக்கிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி விமானத்தில் அந்தப் பகுதியின் பெரிய ஊரான கூஜுவாக்குக்கு அனுப்புகிறார்கள். அங்கே இனுயிட் மக்களின் சொந்த அமைப்பான மகிவிக் நடத்தும் ஆய்வு மையம் இருக்கிறது. 1980களில் வால்ரஸால் கிராமங்களில் நோய் பரவிய பிறகு, 1990களில் உருவான ஏற்பாடு இது. முடிவு வரும்வரை இறைச்சி காத்திருக்கும். புழு இல்லை என்றால் வழக்கம்போலப் பங்கு போடலாம், பச்சையாகத் தின்னலாம், இகுனாக் என்ற புளிக்க வைத்த இறைச்சி செய்யப் புதைத்து வைக்கலாம். இருந்தால் அந்த ஒரு விலங்கின் இறைச்சி மட்டும் அழிக்கப்படும், ஊருக்கே தகவல் போகும். 1997இல் இனுக்ஜுவாக் கிராமத்தில் நோய் தலைகாட்டியபோது அது மேலும் பரவாமல் சீக்கிரமே நிறுத்த முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

ஏன் நாக்கு? ஓயாமல் வேலை செய்யும் தசைகளில்தான் புழு அடர்த்தியாகச் சேரும், வால்ரஸில் நாக்கு அப்படி ஒன்று. ஆய்வகத்தில் நாங்கள் செய்வது நம் வயிறு செய்யும் வேலையையேதான். இறைச்சியை அரைத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கலக்குவோம். தசை கரைந்துபோகும், இளம்புழு கரையாது. சல்லடையில் வடித்து, அடியில் தங்கியதை நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் சுருளாக நெளிவது தெரியும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கண்ணாடித் துண்டில் தெரிவதை வைத்து ஒரு ஊர் அன்று இரவு என்ன சாப்பிடும் என்பது முடிவாகிறது.

"ஏன் கேட்க வேண்டும்?" என்றீர்களே, பதில் இதில்தான் இருக்கிறது. சமைக்கச் சொல்லி யாரும் ஊரைத் திருத்தப் போகவில்லை. அவர்கள் சாப்பிடும் விதத்தை அப்படியே விட்டுவிட்டு, புழு இருக்கும் விலங்கை மட்டும் விலக்குகிறார்கள். வேட்டைக்காரரின் கத்தியில் வேலை தொடங்குகிறது, அவர்களுடைய ஆய்வு மையத்தில் முடிகிறது. நீங்கள் அதற்குத் துணை நின்றால் போதும்.

பச்சை இறைச்சியை மொத்தமாக விலக்கச் சொன்னால் வேறு கேடு வரும். தெற்கிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் உணவு எக்கச்சக்க விலை, அதில் பெரும்பங்கு சர்க்கரையும் மாவும். சீல் ஈரலில் இருக்கும் இரும்புச்சத்தையும் திமிங்கிலத் தோலில் இருக்கும் வைட்டமின் சி-யையும் அந்தப் பெட்டிகள் ஈடுசெய்யாது. பயந்துபோய் வேட்டை உணவை விட்ட கர்ப்பிணிக்கு ரத்தசோகை வந்தால், அதற்கும் நாம்தான் பொறுப்பு.

கரிபூ தாவரம் தின்னும் விலங்கு, அதில் டிரிக்கினெல்லா பயம் பெரிதாக இல்லை. டாக்சோபிளாஸ்மா வேறு கதை, அதைத் தனியாக எழுதுகிறேன்.

வடக்குச்செவிலி:

அக்கா, மிக்க நன்றி. நாக்கு விஷயம் என் குறிப்பில் ஒரே வரியில் இருந்தது, எனக்கு அப்போது புரியவே இல்லை. யாராவது சோதனைக்கு அனுப்பாமல் சாப்பிட்டுவிட்டு வந்தால் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவர் இளங்கோ:

தொற்றுநோய் மருத்துவராக என் பங்கு. முதல் வாரத்தில் வயிற்றுவலி, பேதி. புழுக்கள் அப்போது சிறுகுடலில் இருக்கின்றன. அங்கே இணைசேர்ந்து, பெண்புழு விடும் இளம்புழுக்கள் ரத்தத்தில் கலந்து தசைக்குப் போகும்போதுதான் காய்ச்சல், உடம்பு முழுக்கத் தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் எல்லாம் வரும். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கும். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ஆபத்து. எதிர்ப்பொருள் சோதனை ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது, பல வாரம் கழித்தே தெரியும். சோதனையில் இல்லை என்றதும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வடக்குக்கே உரிய இன்னொரு வடிவமும் உண்டு. ஆயுள் முழுக்க இந்த இறைச்சியைச் சாப்பிட்டு, முன்பே புழு தொற்றியிருந்தவர்களுக்குக் காய்ச்சலும் வீக்கமும் குறைவாக, பேதி மட்டும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். வட கியூபெக் இனுயிட் மக்களிடம்தான் இதை முதலில் கவனித்து எழுதினார்கள். பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் வீங்கிய கண்ணை எதிர்பார்த்துக் காத்திருந்தால் இவர்களைத் தவறவிடுவீர்கள்.

அல்பெண்டசோல் என்ற புழு மருந்து குடலில் இருக்கும் புழுவை நன்றாகத் தாக்கும், தசைக்குள் போய்விட்டால் பலன் குறைவு. அதனால் ஒருவர் நோயோடு வந்தாலே, அதே விலங்கிலிருந்து பங்கு வாங்கிய மற்றவர்கள் யார் யார் என்று அன்றே விசாரித்து, பணியில் இருக்கும் மருத்துவரிடமும் பொதுச் சுகாதாரத் துறையிடமும் சொல்லுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அந்த மருந்தைத் தவிர்ப்போம் என்பதால், அவர்களைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

கால்நடை அக்கா:

இளங்கோ சார் சொன்ன இரண்டாவது வடிவத்தை இரண்டு முறை படித்துவிடுங்கள் செவிலி.

இப்போது டாக்சோபிளாஸ்மா. இது பூனையின் ஒட்டுண்ணி. பூனைக் குடும்பத்து விலங்கின் குடலில் மட்டும்தான் அதன் முட்டைபோன்ற கூடுகள் உருவாகும். நுனாவிக்கில் பூனை அபூர்வம், லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை தெற்கே காட்டெல்லையோடு நின்றுவிடும். ஆனாலும் 2004இல் அங்கே எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு எப்போதோ தொற்றியதன் அடையாளம் ரத்தத்தில் இருந்தது. ஆற்று நீரோடு கடலுக்கு வரும் கூடுகள், தெற்கிலிருந்து பறந்து வரும் வாத்துகள் என்று பல வழிகளைச் சொல்கிறார்கள். சீல், வாத்து, கரிபூ தசையில் அது தங்கியிருக்கும். 1987இல் வட கியூபெக்கில் சில கர்ப்பிணிகளுக்குத் தொற்றியபோது, விலங்குகளின் தோலை உரித்ததும் கரிபூவைப் பச்சையாகச் சாப்பிட்டதும் காரணங்களாகத் தெரியவந்தன. தோலுரிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை என்பதை மறந்துவிடாதீர்கள். வாயில் போடுவதை மட்டும் கேட்டால் போதாது, கையில் எதைத் தொட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே தொற்றியிருந்த பெண்ணுக்குப் பொதுவாகக் குழந்தையைப் பற்றிய பயமில்லை. கர்ப்பத்தின்போது முதல்முறையாகத் தொற்றுவதுதான் கருவைத் தாக்கும். அதனால்தான் அங்கே 1980களிலிருந்தே கர்ப்பிணிகளுக்கு ரத்தச் சோதனை செய்கிறார்கள். இதுவரை தொற்றாதவர் என்று தெரிந்தால் அவரிடம் மட்டும், பிள்ளை பிறக்கும்வரை சீல், கரிபூ, வாத்தை நன்றாகச் சமைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள், பச்சை இறைச்சி தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் முடிகிற ஒரு விஷயத்தை ஒரு தாயிடம் சொன்னால் கேட்பார். வாழ்நாள் முழுக்க என்றால் நானே கேட்க மாட்டேன்.

டிரிக்கினெல்லாவுக்கு நேர்மாறாக, இந்தத் தசைக்கூடுகள் மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே சில நாளில் பெரும்பாலும் செத்துவிடும். ஒரே இறைச்சி, ஒரே ஃப்ரீசர், ஒன்று சாகிறது, இன்னொன்று சாகவில்லை. "உறைந்தது, ஆகவே பாதுகாப்பு" என்று பொத்தாம்பொதுவாக யாரும் சொன்னால், எந்த விலங்கு, எந்த ஒட்டுண்ணி என்று கேளுங்கள்.

காட்டுவழி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வனவிலங்கு மாணவன், அமேசான் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே எக்கினோகாக்கஸ் வோகெலி என்ற ஒன்று இருக்கிறது. காட்டில் அது புதர்நாய்க்கும் பாக்கா என்ற பெரிய கொறிவிலங்குக்கும் இடையே சுற்றுகிறது. பாக்கா இறைச்சி அங்கே எல்லோருக்கும் பிடித்தது. வேட்டைக்காரர் பாக்காவை அறுத்து, கட்டி கட்டியாக இருக்கும் ஈரலைக் கூட வந்த நாய்க்குப் போடுகிறார். பல ஆண்டு கழித்து மனிதரின் ஈரலில் அதே கட்டிகள். அந்த ஈரலை மனிதர் தின்றதால் வருவதில்லையே, பிறகு எப்படி?

கால்நடை அக்கா:

நல்ல கேள்வி, செவிலியின் நாய்க் கேள்விக்கும் இதுதான் வாசல்.

கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் குழந்தைப் பருவம். அதைத் தின்றால் வளர்ந்த புழுவாவது நாயின் குடலில்தான், மனிதக் குடலில் ஆகாது. நாயின் மலத்தில் முட்டை வரும், ரோமத்திலும் ஒட்டும். அந்த முட்டை மனிதர் வாய்க்குள் போனால்தான் நமக்குள் கட்டி வளரும். ஆக, நோயாளி அந்த வீட்டுச் சிறு பிள்ளையாக இருக்கலாம், வேட்டைக்குப் போகாதவளாக, பாக்காவைக் கண்ணால் பார்க்காதவளாகக்கூட இருக்கலாம். நாயைக் கட்டிக்கொண்டு விளையாடியிருப்பாள், அவ்வளவுதான்.

வடக்கிலும் இதே சுற்று. கரிபூ, மூஸ் மானின் நுரையீரலில் எக்கினோகாக்கஸ் கனடென்சிஸ் கட்டி இருக்கும், ஓநாயும் நாயும் அதைத் தின்னும். மனிதருக்குப் பெரும்பாலும் நுரையீரலில் வரும், பலருக்கு வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியும். ஆடு மூலம் வரும் வகையை விட இது சாது. இன்னொரு இனமான மல்டிலோகுலாரிஸ் சாது இல்லை, ஈரலைப் புற்றுநோய்போல அரிக்கும். அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவில் வோல் எலிக்கும் நரிக்கும் இடையே சுற்றி, நாய் வழியாக மனிதருக்கு வந்தது. அங்கே ராபர்ட் ராஷ் என்ற ஒட்டுண்ணியியலாளர் குழு ஒரு கிராமத்து நாய்களுக்கு மாதாமாதம் பிராசிகுவாண்டெல் என்ற புழு மாத்திரை கொடுத்தது. சில ஆண்டுகளில் ஊரைச் சுற்றிய எலிகளிலேயே தொற்று வெகுவாகக் குறைந்தது. நாய்க்கு மருந்து கொடுத்தால் எலிகளில் தொற்று குறைவது எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கும்.

எனவே, நோயுள்ள நுரையீரலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடாமல் இருப்பது, சீரான இடைவெளியில் நாய்க்குப் புழு மருந்து, பிள்ளைகள் கை கழுவுவது, இவைதான் செய்ய வேண்டியவை. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மருந்து கொடுத்த அடுத்த சில நாள் மலத்தைக் கையாள்வதில் கூடுதல் கவனம் வேண்டும்.

செவிலி, நாயைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 1950களின் நடுவிலிருந்து 1960களின் இறுதிவரை நுனாவிக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சறுக்குவண்டி நாய்களைக் காவல்துறையினரும் மற்ற அதிகாரிகளும் சுட்டுக் கொன்றார்கள். பொதுப் பாதுகாப்பு என்றுதான் அப்போதும் காரணம் சொன்னார்கள். நாய் போனதும் வேட்டைக்குப் போக வழி போனது, சாப்பாடு போனது. 2024 நவம்பரில் காங்கிக்சுஜுவாக் கிராமத்துக்குப் போய்க் கனடா அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டவர் அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி, நம் தமிழர். 45 மில்லியன் டாலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. சுடப்பட்ட நாயின் பெயரை இன்றும் சொல்லும் முதியவர்கள் உங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். "நாய்களைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்ற வாக்கியம் வெளியூர்க்காரர் வாயிலிருந்து வந்தால் அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். நாய்க்கு மருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், அதுவே போதும்.

வடக்குச்செவிலி:

அக்கா, கேரி ஆனந்தசங்கரி செய்தியைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை என் வேலையோடு சேர்த்து யோசித்ததே இல்லை. கடைசியாக ஒன்று. வேட்டைக்காரர் யாராவது நாக்குத் துண்டை என்னிடம் கொண்டுவந்து எப்படி அனுப்புவது என்று கேட்டால்?

கால்நடை அக்கா:

முதலில் ஊரில் இதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள். வேட்டைக்காரர் சங்கத்திலோ கிராம அலுவலகத்திலோ ஒருவர் இருப்பார், அவரைத் தாண்டி எதுவும் செய்ய வேண்டாம். ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பெப்சினில் கரையாமல் மாதிரி வீணாகிவிடும். சுகாதார நிலையப் பழக்கத்தில் கை தானாக ஃபார்மலின் பாட்டிலுக்குப் போகும், அதனால்தான் சொல்கிறேன். குளிர்ச்சியாக வைத்தால் போதும். ஒவ்வொரு வால்ரஸுக்கும் தனிப் பை, தனி எண், அதே எண் அந்த விலங்கின் இறைச்சியிலும் இருக்க வேண்டும். இரண்டு விலங்கின் இறைச்சி கலந்துவிட்டால், ஒன்றில் புழு இருந்தாலும் இரண்டையுமே அழிக்க வேண்டிவரும், அது ஒரு ஊரின் குளிர்காலச் சாப்பாடு.

கடலோடி:

அக்கா, மேலே நான் எழுதியது தவறு. அந்தக் கணக்கு மீனுக்கு மட்டும்தான் என்று புரிந்துகொண்டேன்.